ஆம்ப் சிமுலேட்டரில் கெய்ன் ஏற்றினால் ஏன் இப்படி இரைகிறது?

மாயவரம்_ஆறுகம்பி:
எல்லாருக்கும் வணக்கம். மயிலாடுதுறையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர், அதனால் வீட்டில் ஆம்ப் வைத்துச் சத்தமாக வாசிக்கிற பேச்சுக்கே இடமில்லை. லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன், ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், அதற்குள் நிஜ ஆம்ப் போல ஒலிக்கவைக்கிற, இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் பிளக்இன், இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. கிதார் ஸ்ட்ராட் வகை, கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் பிக்அப் மூன்றும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). கிளீன் டோன் பரவாயில்லை. மார்ஷல் ஹெட் மாடல் ஒன்றைப் போட்டு கெய்னை, அதாவது டிஸ்டார்ஷன் அளவை, ஏற்றினால் தேனீக்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி இரைகிறது, காது கூசுகிறது. ட்ரெபிளைக் குறைத்தால் இரைச்சல் அப்படியே இருக்க, டோன் மட்டும் மந்தமாகிவிடுகிறது. காசு கொடுத்து வேறு சாஃப்ட்வேர் வாங்கினால்தான் சரியாகுமா?

குடந்தை_பிக்அப்:
காசை எடுக்காதீர்கள் நண்பரே. ஹெட் மாடல் என்கிறீர்களே, அதில் ஸ்பீக்கர் கேபினெட்டும் மைக்கும் சேர்ந்திருக்காது. கிதார் ஆம்பின் 12 இன்ச் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியே விடாது, டிஸ்டார்ஷனில் உண்டாகிற கரகரப்பை எல்லாம் அதுதான் அடக்கிவைக்கிறது. அது இல்லாமல் நேராக ஹெட்ஃபோனுக்குப் போனால் நீங்கள் சொல்கிற சத்தம்தான் வரும். அதே பிளக்இன்னில் கீழே ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், கேபினெட்டும் மைக்கும் சேர்ந்து ஒலியை மாற்றுகிற விதத்தைப் பதிந்த ஃபைல்) போட இடம் இருக்கும், அங்கே செலஸ்டியன் விண்டேஜ் 30 கேபினெட்டை எஸ்எம்57 மைக்கில் எடுத்த ஐஆர் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். என்னைக் கேட்டால் டோனில் பாதிக்கு மேல் இந்த ஐஆர்தான், ஆம்ப் மாடலை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆனால் கேபினெட்டோடு சேர்த்து எடுத்த மாடலாக இருந்தால் ஐஆர் போடக் கூடாது, இரண்டு கேபினெட் ஒன்றின்மேல் ஒன்று ஏறி டோன் அடைத்துக்கொள்ளும்.

தஞ்சாவூர்_தந்தி:
மேலே சொன்னது சரி. அதோடு இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட் (இன்ஸ்ட்ருமென்ட்) பட்டன் அழுத்தியிருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. கிதார் பிக்அப்புக்கு 1 மெகாஓம் அளவுக்கு இன்புட் வேண்டும், லைன் இன்புட்டில் சொருகினால் மேல் ஸ்தாயி எல்லாம் அங்கேயே போய்விடும், பிறகு எந்த ஈக்யூவும் (ஈக்வலைசர்) அதைத் திருப்பித் தராது. பலமாக மீட்டும்போதும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ஐஆருக்குப் பின்னால் ஒரு ஈக்யூ போட்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. மேலே 7,000, 8,000 பக்கம் வெட்டலாம். அப்புறம் கெய்ன். தனியாகக் கேட்கும்போது நிறைவாக இருக்கிற கெய்ன், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தால் சேறாகக் குழம்பும். பாதியாகக் குறைத்துவிட்டு, ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் பிளக்இன் ஒன்றை ஆம்புக்கு முன்னால் வைத்து, அதன் டிரைவை பூஜ்யத்திலும் லெவலை மேலேயும் வையுங்கள், பேஸ் இறுகும்.

மாயவரம்_ஆறுகம்பி:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். இன்ஸ்ட் பட்டன் போட்டுத்தான் இருந்தது. ஐஆர் ஏற்றியதும் அந்த இரைச்சல் போய்விட்டது, பவர் கார்டு வாசித்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. இன்னும் ஒன்று, வாசிக்காமல் நிறுத்தினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது இன்னும் கூடுகிறது.

நாகை_ஃப்ரெட்:
கிதாரைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் ஹம் குறைந்தால், அது பக்கத்து அடாப்டர், டிரான்ஸ்ஃபார்மர் இவற்றின் காந்தப்புலத்தை சிங்கிள் காயில் வாங்குவது, அந்தத் திசையிலேயே உட்கார்ந்து ரெக்கார்ட் செய்யுங்கள். பிக்அப் சுவிட்சின் 2-ஆம், 4-ஆம் நிலையில் (இரண்டு பிக்அப் சேர்ந்து ஒலிக்கும் நிலைகள்) ஹம் அடங்குகிறதா என்றும் பாருங்கள், நடு பிக்அப் எதிர்ச்சுற்றாக இருந்தால் அடங்கும். கம்பியைத் தொட்டதும் குறைந்தால் ஷீல்டிங், எர்த் பக்கம் கோளாறு, வீட்டு எர்த்தை எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சைன் வேவ் இல்லாத இன்வெர்ட்டர் என்றால் அந்தக் கரகரப்பு கூடத்தான் செய்யும், அந்த நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் வாசியுங்கள். வாசிக்காதபோது சத்தத்தை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் கடைசியாகப் போதும், அதுவும் ஆம்புக்கு முன்னால், நீண்டு ஒலிக்கும் சுரத்தின் வாலை வெட்டாத அளவுக்கு.