1930-களின் தோற்றமும் இன்றைய வசதியும்: 40 அடிப் பாய்மரப் படகில் எதை விட்டுக்கொடுப்பது?

கேள்வி: ஓர்வெல் கரையோன்

வணக்கம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஓர்வெல் ஆற்றையொட்டி வசிக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின் நானும் என் மனைவியும் வாரக்கணக்கில் தங்கிப் பயணம் செய்யும்படி ஒரு பாய்மரப் படகைப் புதிதாகக் கட்டுவிக்க எண்ணியுள்ளோம். வெளித்தோற்றம் 1930-களின் பந்தயப் படகுகளை ஒத்திருக்க வேண்டும்: தாழ்ந்த பக்கங்கள், நீருக்கு மேல் நீண்டு மெலியும் அணியமும் (முன்முனை) பின்முனையும், வார்னிஷ் பூசிய சிறிய கேபின். உள்ளே 6 அடி 2 அங்குலம் உள்ள நான் குனியாமல் நிற்கும் உயரம், வெந்நீர்க் குளியல், குளிர்பதனப் பெட்டி, டீசலுக்குப் பதிலாக மின்மோட்டார் ஆகியவை வேண்டும். மொத்த நீளம் 40 அடி. முதல் வரைபடத்தைப் பார்த்தபோது, அழகான படகின் மீது அலமாரி ஒன்றை ஏற்றி வைத்ததுபோல் கேபின் தெரிந்தது. இதற்கு வழி உண்டா, அல்லது எங்கள் விருப்பங்களே ஒன்றுக்கொன்று முரணானவையா?

பதில் 1: படகு வரைவாளர்

முரண் இருக்கிறது, ஆனால் அது நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. அக்காலப் பந்தய விதிகள் பல, படகு நிமிர்ந்து நிற்கும்போதுள்ள நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீர்மட்டத்தில் படகின் உடல் கொள்ளும் நீளத்தை, கணக்கில் எடுத்துக்கொண்டன. ஆகவே வடிவமைப்பாளர்கள் நீர்க்கோட்டைக் குறுக்கி, முனைகளை நீருக்கு மேல் நீட்டினார்கள். காற்றில் படகு சாயும்போது அம்முனைகள் நீரில் அமிழ்ந்து, படகு விதியை ஏமாற்றி நீண்டுவிடும். உங்கள் வரைபடத்தில் நீர்க்கோடு 28 அடியாக இருக்குமென்று கொள்வோம். எனில் நீங்கள் காசு கொடுத்துக் கட்டுவது 40 அடிப் படகு. வாழப்போவது ஏறத்தாழ 28 அடிப் படகில்.

அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஒலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்து 1930-இல் நீரில் இறங்கிய 'டோரேட்' படகை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 52 அடி, நீர்க்கோடு 37 அடி, அகலம் 10 அடியைச் சற்றே தாண்டும். இன்றைய 40 அடிக் குடும்பப் படகு ஒன்று ஏறத்தாழ 13 அடி அகலம் இருக்கும். நீங்கள் விரும்பும் அழகு இந்த ஒடுக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது எடை. நீர்க்கோட்டில் 8.5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டு, இருமுனையும் மெலிந்த படகின் நீர்மட்டப் பரப்பு சுமார் 14 சதுர மீட்டர். கடல்நீரில் அது ஒரு சென்டிமீட்டர் அமிழ 145 கிலோ போதும். நன்னீர்த் தொட்டி, வெந்நீர்க் கலன், மின்கலம், குளிர்பதனக் கருவி எல்லாம் சேர்ந்து 600 கிலோ கூடினால், படகு நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்து, வரைபடத்தில் கண்ட கோடு கடலில் காணாமல் போகும்.

என் பரிந்துரை: படகை உயர்த்தாதீர்கள், நீட்டுங்கள். 46 அடிக்குச் சென்று, உள்ளே 40 அடிக்குத் திட்டமிட்ட அறைகளை மட்டுமே வையுங்கள். மனிதனின் உயரம் மாறாது. படகு நீளும்போது அதே உயரக் கேபின் தானாகத் தாழ்ந்து தெரியும். நிமிர்ந்து நிற்கும் உயரம் கேபினுக்குள் இறங்கும் படியின் அடியிலும் சமையலிடத்திலும் இருந்தால் போதும். படுக்கைக்கு மேல் எவரும் நிற்பதில்லை.

பதில் 2: மரக்கலத் தச்சன்

மேலுள்ள பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நீருக்கு அடியில் என்ன வடிவம் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். உங்கள் ஓர்வெல் கரையிலேயே, இப்ஸ்விச்சில் இயங்கும் ஸ்பிரிட் யாட்ஸ் என்ற படகுக் கட்டுமான நிறுவனம் போன்றோர் மேலே பழைய அழகையும் கீழே குறுகிய துடுப்பு வடிவ ஏராவையும் (படகின் அடியிலிருந்து நீருக்குள் இறங்கும் நடுப்பகுதி) தனிச் சுக்கானையும் இணைக்கிறார்கள். வேகத்திற்கும் திருப்பத்திற்கும் அது சிறந்தது. ஆயினும் அத்தகைய படகின் அடிப்பகுதி தட்டையானது என்பதால் தரைப்பலகையைக் கீழே இறக்க இடமிராது; இழந்த உயரத்தைக் கூரையில்தான் தேட வேண்டும். பழைய முறையில் ஆழமாகக் குவிந்து நீண்ட ஏராவில் முடியும் உடலில் தரை ஒரு சாண் கீழே இறங்கும். தரை ஒடுக்கமாகத்தான் இருக்கும். நடப்பதற்கு அது போதும். அத்துடன், நீரிறங்கினால் சேறு தெரியும் அப்பகுதி ஆறுகளில், தரைதட்டும்போது சுக்கானைக் காப்பதும் நீண்ட ஏராவே. பந்தயம் ஓடப்போவதில்லையெனில் நான் அதையே தேர்வேன்.

கட்டுமானத்தில் பழமையைப் பின்பற்ற வேண்டாம். மெல்லிய சீடர் மரப் பட்டைகளை எப்பாக்ஸிப் பசையால் ஒட்டி, மேலே குறுக்கும் நெடுக்குமாக மர ஏடுகளைப் பதித்தால் உடல் எடை குறைந்து, விறைப்பாக, ஒழுகாமல் இருக்கும். மேல்தளத்திற்கு மியான்மர் தேக்கு கேட்காதீர்கள். அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது 2021-இல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. தோட்டத் தேக்கோ வேறு மாற்று மரமோ கிடைக்கும்.

ஒன்றை மட்டும் பழையபடியே வையுங்கள்: 'டோரேட்' படகின் பெயராலேயே வழங்கும் காற்றுப்பெட்டி. மேலே கொம்புபோல் வளைந்து நிற்கும் காற்றுக்குழாய் வழியே காற்றும் அலைநீரும் பெட்டிக்குள் நுழையும். கேபினுக்கு இறங்கும் குழாய் சற்றுத் தள்ளி, பெட்டியின் அடித்தளத்திலிருந்து உயர்ந்து நிற்பதால் காற்று மட்டும் உள்ளே செல்ல, நீர் பக்கத் துளைகளில் வடிந்துவிடும். மின்சாரம் தேவையில்லை. குளியலறை வைத்த படகில் இது இல்லாவிட்டால் மெத்தைகள் பூஞ்சை பிடிக்கும்.

ஓர்வெல் கரையோன்

இருவருக்கும் நன்றி. நீண்ட ஏரா பற்றிய விளக்கம் எனக்குப் புதியது. மின்மோட்டாரைப் பற்றி மட்டும் இருவரும் மௌனமாக இருக்கிறீர்கள்.

படகு வரைவாளர்

காரணம் உண்டு. 10 கிலோவாட்-மணி லித்தியம் மின்கலம் சுழலியில் (படகைத் தள்ளும் விசிறி) செய்யும் வேலையை ஏறத்தாழ மூன்று லிட்டர் டீசல் செய்துவிடும். துறைமுகத்திற்குள் நுழையவும் வெளியேறவும் மின்மோட்டார் தாராளமாகப் போதும், சத்தமுமில்லை. காற்றில்லா நாளில் வட கடலைக் கடக்க அது போதாது. பாயில் ஓடும்போது சுழலி வழியே மின்சாரம் மீட்கலாம். 2019-இல் வெளிவந்த 111 அடி நீள 'ஸ்பிரிட் 111' அவ்வாறுதான் செய்கிறது, ஆனால் அந்த நீளமும் வேகமும் உங்களிடம் இராது. காற்று வரும்வரை காத்திருக்கும் பொறுமை உங்கள் இருவருக்கும் இருந்தால் மின்மோட்டார் வையுங்கள். இல்லையெனில் சிறிய டீசல் எஞ்சினே நல்லது. நீட்டச் சொன்ன ஆறு அடிக்கு ஒரு விலை இருப்பதையும் மறைக்க விரும்பவில்லை: கட்டுமானச் செலவு பெரிதும் எடையைப் பொறுத்தது, படகுத்துறை வாடகையோ மொத்த நீளத்திற்கு, எனவே நீரைத் தொடாத அந்த அணியத்திற்கும் ஆண்டுதோறும் நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கும்.