புதுப்பிப்பு: வேர்டு கிளாக் இணைப்பில் எழுந்த 'டிக்' ஒலி நின்றது

ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேசுடன், மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பையும் ஒலியை டிஜிட்டலாக மாற்றும் தனிக் கன்வர்ட்டரையும் இணைத்தபோது பதிவில் 'டிக்' ஒலி விழுவதாகச் சென்ற வாரம் கேட்டிருந்தேன். பொறுமையாக வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

வேர்டு கிளாக் என்பது டிஜிட்டல் ஒலிக்கருவிகளை ஒரே சீராக ஓடவைக்கும் நேரச் சிக்னல். ஆனால் என் மூன்று கருவிகளும் தத்தம் உள் கிளாக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தன. பலர் சொன்னபடி இன்டர்ஃபேசை மட்டும் மாஸ்டராக (கிளாக் தரும் கருவியாக) வைத்து மற்ற இரண்டையும் வெளிக் கிளாக்குக்கு மாற்றியதும் ஒலி பெருமளவு குறைந்தது. ஆனால் வெளிக் கிளாக்குடன் ஒத்திசைந்திருப்பதைக் காட்டும் கன்வர்ட்டரின் 'லாக்' விளக்கு அவ்வப்போது மினுங்கியது. அதைத் தீர்த்தது, வரிசையின் கடைசிக் கருவியில் மட்டுமே 75 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் திரும்பிப் பிரதிபலிக்காமல் தடுக்கும் முடிவு மின்தடை) இருக்க வேண்டும் என்று ஒருவர் தந்த யோசனைதான். சிக்னலைக் கிளை பிரிக்கும் டி-இணைப்பான் வழியே நடுவில் நிற்கும் ப்ரீஆம்பிலும் அது இயக்கப்பட்டிருந்ததால் சிக்னல் வலுவிழந்திருந்தது.

நான் எதிர்பாராதது ஒன்று: கிளாக் சிக்னலைக் கடத்தும் பிஎன்சி கேபிள்களில் ஒன்று, வேண்டிய 75 ஓமுக்குப் பதில் 50 ஓம் வகை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததால், உறையில் அச்சிட்டிருந்ததைப் படித்த பிறகே அது தெரிந்தது. அதையும் மாற்றியபின் 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் மூன்று மணி நேரம் பதிவு செய்தும் ஒரு 'டிக்' கூட விழவில்லை.