பொருள்: ‘காரணம் துலங்கா நொண்டல்’ – கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

> வயது முதிர்ந்த குதிரை காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. சோதித்தும் காரணம் தெரியவில்லை. இந்நிலையை ‘முதுமை நொண்டல்’ எனலாமா?

சொல் எளிமையாக இருக்கிறது. ஆயினும் இதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நொண்டல் என்பது நோயன்று, நோயின் அறிகுறி. அதன் முன்னே ‘முதுமை’ என்ற அடையைச் சேர்த்துவிட்டால், கண்டறியப்படாத ஒன்று கண்டறியப்பட்டது போன்ற தோற்றத்தைப் பெற்றுவிடும். குதிரையை வளர்ப்பவரும் ‘வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்’ என்று தேடலை நிறுத்திவிடுவார். முதிய குதிரையை நொண்டவைக்கும் காரணங்கள் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு என்பதால் இந்தக் கவலை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

15 வயதைக் கடந்த குதிரைகளில் மிகுதியாகக் காணப்படும் பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாற்றை எடுத்துக்கொள்வோம். அதன் விளைவாகக் குளம்புச் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மென்தகடுகள் அழற்சியுற்று, குதிரை கடினமான தரையில் கால் வைக்கவே தயங்கும். இங்கே நோய் தொடங்குமிடம் தலைக்குள், வலி தெரியுமிடம் குளம்பில். காலை மட்டும் சோதிப்பவருக்கு மூலகாரணம் எட்டுவதில்லை. இரத்தத்தில் அச்சுரப்பி சுரக்கும் ஏ.சி.டி.எச். என்ற இயக்குநீரின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெர்கோலைடு என்ற மருந்தால் கட்டுக்குள் வைக்கவும் முடியும். இத்தகைய குதிரையின் நோய்க்குறிப்பில் ‘முதுமை நொண்டல்’ என்று எழுதப்பட்டால் அந்த இரத்தச் சோதனைக்கு யாரும் அனுப்பமாட்டார்கள். குளம்புக்குள் சீழ் கட்டியிருந்தாலும் அப்படித்தான்: முந்தைய நாள் நன்றாக நடந்த குதிரை மறுநாள் காலை ஊன்றவே மறுக்கும், சீழை வடித்துவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் தேறிவிடும்.

ஆகவே அடைமொழி, குதிரையின் வயதைச் சொல்லாமல் ஆய்வு எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ‘காரணம் துலங்கா நொண்டல்’ என்பதே என் முன்மொழிவு. துப்புத் துலங்கியது, துலங்கவில்லை என்று வழக்கில் உள்ள சொல்லாதலால், தேடல் இன்னும் முடியவில்லை என்ற குறிப்பும் அதிலேயே அடங்கியிருக்கிறது. ‘மூலமறியா நொண்டல்’ என்றும் ஒரு நண்பர் எழுதியிருந்தார். மருத்துவ எழுத்தில் ‘மூலம்’ வேறொரு நோயின் பெயராக நிலைத்துவிட்டதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

> ‘நொண்டி’ இழிசொல் ஆயிற்றே, ‘நடைக்குறை’ போதாதா?

மனிதரைச் சுட்டும்போது ‘நொண்டி’ இழிசொல்தான், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ‘நொண்டல்’ என்பது செயலின் பெயர். கால்நடை வளர்ப்போர் ‘நொண்டுகிறது’ என்றே சொல்கிறார்கள். ‘நடைக்குறை’யை நான் தள்ளிவிடவில்லை, அதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம் என்பேன். நரம்பு மண்டலக் கோளாற்றால் வரும் தள்ளாட்டமும் நடைக்குறையே. அதில் கால் விழும் இடமும் விதமும் எட்டுக்கு எட்டு மாறும். வலியால் வரும் நொண்டலிலோ அதே பிசகு ஒவ்வோர் எட்டிலும் ஒரே முறையாகத் திரும்ப வரும். மருத்துவர் முதலில் பிரித்தறிய முயல்வது இந்த இரண்டையும்தான் என்பதால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தே ஆக வேண்டும். ‘விந்தி விந்தி நடத்தல்’ அழகான வழக்கு. அதிலிருந்து பெயர்ச்சொல் ஆக்கும்போதுதான் பொருள் மயங்குகிறது.

‘துலங்காமை’ எப்படி நேர்கிறது என்பதையும் வரையறையில் சேர்க்க வேண்டும். முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது குதிரை தலையை உயர்த்தும், நலமான கால் ஊன்றும்போது தாழ்த்தும். பார்ப்பவர் நம்புவது இந்தத் தலையசைவைத்தான். இரு முன்னங்கால்களும் ஒரே அளவில் வலித்தால் தலையசைவே இராது, எட்டு குறுகிவிடும், அவ்வளவே. ஒரு காலின் நரம்பை மரக்கச் செய்த பிறகே மற்றக் காலின் நொண்டல் வெளிப்படும். பின்னங்கால் வலி அதே பக்கத்து முன்னங்காலின் வலிபோல் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு.

முதிய குதிரையில் இதற்கு நேர்மாறான இடர்ப்பாடும் இருக்கிறது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். இளங்குதிரையின் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். முதிய குதிரையின் படத்திலோ மூட்டுத் தேய்மானம், எலும்பு வளர்ச்சி, குளம்புக்குள் இருக்கும் சிறிய படகெலும்பில் மாற்றம் எனத் தேவைக்கு மேல் தெரியும். அவற்றுள் எது இன்றைய வலிக்குப் பொறுப்பு என்பதைப் படம் சொல்லாது. குளம்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு நரம்பாக மரக்கச் செய்து, எந்த இடத்தில் நொண்டல் குறைகிறது என்று பார்த்தால்தான் தெரியும். தசைநாண் போன்ற மென்திசுக்களின் சேதம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படலாம். ஆக, எதுவுமே கிடைக்காத நிலையும் பல கிடைத்தும் பொறுப்பானது பிரியாத நிலையும் ‘காரணம் துலங்கா’ என்பதற்குள் அடங்கும். ‘காரணமில்லா’ என்ற சொல் இவ்விரண்டையும் தாங்காது.

வரையறையை இவ்வாறு எழுதலாம்: ‘உடற்சோதனை, குளம்புச் சோதனை, நரம்பு மரப்பு, படமெடுப்பு ஆகியவற்றுள் இயன்றவற்றைச் செய்த பின்னும், வலிக்கோ இயக்கத் தடைக்கோ உரிய இடமும் காரணமும் உறுதிப்படாத நொண்டல்.’ எந்தச் சோதனை வரை சென்றோம் என்பதைச் சொல்லோடு சேர்த்தே குறிக்கும் பழக்கம் வரவேண்டும். தீவிரத்துக்கு அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் 0 முதல் 5 வரையிலான அளவுகோல் இருக்கிறது. அதில் 3 என்றால் ஓட்டநடையில் எந்தச் சூழலிலும் மாறாமல் தெரிவது, 4 என்றால் நடையிலேயே வெளிப்படையாகத் தெரிவது. எனவே குறிப்பேட்டில் ‘இடது முன்னங்கால், 3ஆம் படி, காரணம் துலங்கா நொண்டல், குளம்பு நரம்பு மரத்தும் குறையவில்லை’ என்று எழுதினால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் குளம்புக்கு மேலிருந்து தொடங்கலாம் என்பதை உடனே அறிவார்.

‘நரம்பு மரப்பு’ என்று மேலே எழுதியதும் என் ஆக்கமே. ‘நரம்புத் தடை’ என்ற வடிவமும் புழங்குகிறது. ஆனால் ‘தடை’ நோயின் பெயர்போல் ஒலிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மயக்கவியல் துறையினர் இதற்கு எந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று இக்குழுவில் உள்ள மருத்துவர்கள் தெரிவித்தால், பட்டியலில் ஏற்றும் முன் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்.