டிவிஷனில் பின்னால், மொத்தப் பட்டியலில் முன்னால்: ஒரே மேட்சில் இது எப்படி நடக்கும்?

அரசலாறு கேட்டது:

வணக்கம். எனக்கு ஊர் கும்பகோணம், திருச்சிக்குப் போய் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறேன். எங்கள் கணக்கு சுலபம்: 75 நிமிடத்தில் 60 ஷாட், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10, மொத்தம் 600, கூட்டினால் முடிந்தது. என் அத்தை மகன் டெக்சாஸில் இருக்கிறார், அங்கே யூ.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கச் சங்கத்தின் பிராக்டிகல் ஷூட்டிங் (நகர்ந்துகொண்டே, நேரத்தோடு போட்டி போட்டு அட்டைகளைச் சுடுவது) மேட்ச்களுக்குப் போகிறார். போன வாரம் மேட்ச் ஸ்கோர் போடும் பிராக்டிஸ்கோர் ஆப்பிலிருந்து இரண்டு பட்டியல் அனுப்பினார். அங்கே துப்பாக்கி வகைப்படி டிவிஷன் பிரிப்பார்களாம்; கேரி ஆப்டிக்ஸ் டிவிஷனில் மச்சான் 2ஆம் இடம். ஆனால் எல்லா டிவிஷனையும் சேர்த்த பட்டியலில் மச்சான் 11ஆம் இடம், டிவிஷனில் அவரை ஜெயித்தவர் 12ஆம் இடம்! இரண்டு பேரும் சுட்டது ஒரே நாள், ஒரே ஸ்டேஜ்கள் (மேட்சின் தனித்தனி சுற்றுகள்), ஒரே டிவிஷன். ஒரு பட்டியலில் பின்னால் இருப்பவர் இன்னொன்றில் எப்படி முன்னால் போவார்? ஆப்பில் தப்பா, இல்லை எனக்குத்தான் புரியவில்லையா? இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பேராவூரணி_77:

தம்பி, இது மேஜர், மைனர் விவகாரமாக இருக்கும். குண்டின் எடையை கிரெயின் கணக்கிலும் வேகத்தை வினாடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி 1000ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர். 125 வந்தால் மைனர், அங்கே 165 வந்தால் மேஜர். அட்டையில் ஏ, சி, டி என்று பகுதிகள் உண்டு; ஏ பகுதியில் பட்டால் இருவருக்கும் 5தான், சி என்றால் மேஜருக்கு 4, மைனருக்கு 3, டி என்றால் 2, 1. மற்றவர் மேஜர் சுட்டிருப்பார், சேர்க்கும்போது மாறியிருக்கும்.

கொள்ளிடக்கரை:

பேராவூரணி அண்ணே, நீங்கள் சொன்ன புள்ளிகள் எல்லாம் சரி, ஆனால் இங்கே அது காரணம் இல்லை. கேரி ஆப்டிக்ஸில் யார் எந்தத் தோட்டா போட்டாலும் மைனர் கணக்குதான்.

அரசலாறு தம்பி, ஆப் சரியாகத்தான் போட்டிருக்கிறது. நான் ஹூஸ்டனில் இருந்தபோது சில வருடம் இதில் சுட்டிருக்கிறேன், இப்போது மயிலாடுதுறைப் பக்கம் விவசாயம், இதைப் பேச ஆள் கிடைப்பதே அபூர்வம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஏர் பிஸ்டல் மாதிரி இங்கே புள்ளியை அப்படியே கூட்டுவதில்லை. ஒரு ஸ்டேஜில் எடுத்த புள்ளியிலிருந்து தண்டனைப் புள்ளிகளைக் கழித்து (ஒரு மிஸ்ஸுக்கு 10, சுடக்கூடாத அட்டையில் பட்டாலும் 10), மீதியை எடுத்துக்கொண்ட வினாடியால் வகுக்கிறார்கள். வருவது ஹிட் ஃபேக்டர். 72 புள்ளி, 12 வினாடி என்றால் 6. அப்புறம்தான் முக்கியமான இடம்: அந்த ஸ்டேஜில் யாருடைய ஹிட் ஃபேக்டர் அதிகமோ அவருக்கு அந்த ஸ்டேஜின் முழுப் புள்ளி. மற்றவர்களுக்கு அவரோடு ஒப்பிட்ட விகிதம்தான். டிவிஷன் பட்டியலில் அந்த உச்சம் டிவிஷனுக்குள் இருந்து வரும். சேர்த்த பட்டியலில் அது ஓப்பன் டிவிஷன்காரரிடமிருந்து (துப்பாக்கியில் மாற்றங்களுக்கு அதிக அனுமதி உள்ள டிவிஷன்) வரலாம். அளக்கிற மரக்கால் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாறுகிறது, அதுதான் உங்கள் குழப்பத்துக்குக் காரணம்.

கணக்கு போட்டே பார்க்கலாம். தலா 100 புள்ளி உள்ள இரண்டு ஸ்டேஜ். முதல் ஸ்டேஜில் உங்கள் மச்சானுக்கு ஹிட் ஃபேக்டர் 10, மற்றவருக்கு 8. இரண்டாவதில் மச்சானுக்கு 3, மற்றவருக்கு 4. டிவிஷனுக்குள் மச்சானுக்கு 100ம் 75ம் சேர்ந்து 175, மற்றவருக்கு 80ம் 100ம் சேர்ந்து 180. மற்றவர் ஜெயித்தார்.

இப்போது ஓப்பனில் ஒருவர் வருகிறார். முதல் ஸ்டேஜில் அவருக்கும் 10தான், அதனால் அங்கே எதுவும் மாறாது. இரண்டாவதில் 8 அடிக்கிறார் (கணக்குக்காகப் பெரிதாக வைத்திருக்கிறேன்). அந்த ஸ்டேஜில் மச்சானுக்கு இப்போது 37.5, மற்றவருக்கு 50. மொத்தம் மச்சானுக்கு 137.5, மற்றவருக்கு 130. மற்றவருக்கு இரண்டாவது ஸ்டேஜில் இருந்த 25 புள்ளி லாபம் 12.5ஆகக் குறைந்துவிட்டது, முதல் ஸ்டேஜில் மச்சானுக்கு இருந்த 20 அப்படியே நிற்கிறது. யாரும் கூடுதலாக ஒரு தோட்டாகூடச் சுடவில்லை, இடம் மட்டும் மாறிவிட்டது.

ஓப்பன்காரர் ஏன் அப்படி ஒரு ஸ்டேஜில் பாய்கிறார் என்றால், அவர் துப்பாக்கியில் காம்பென்சேட்டர் இருக்கும், குழல் மேலே எழும்பாது, மேஜர் சுடுவதால் சியில் பட்டாலும் 4. தூரத்து அட்டைகளை வேகமாகச் சுட வேண்டிய ஸ்டேஜில் இந்த வசதி நன்றாகத் தெரியும். எல்லோருக்கும் எளிதான கிட்டத்து அட்டைகளில் அவ்வளவு தெரியாது.

பேராவூரணி_77:

சரிதான், நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாகத்தான் ஓட்டுவார்கள், பரிசும் தனித்தனிதான். பெரிய மாட்டையும் பூஞ்சிட்டையும் ஒரே பட்டியலில் போட்டு யார் பெரியவர் என்று யாரும் கேட்க மாட்டோம். இங்கே எதற்கு அப்படி ஒரு பட்டியல்?

வெண்ணாறு:

அண்ணா, ஆர்வத்துக்குத்தான். சுடுகிற எல்லோருக்கும் மொத்தத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க ஆசை இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் அதை வைத்து திறமையை எடை போடக் கூடாது. டிவிஷன் சதவீதத்தையும் அப்படியே நம்ப முடியாது. மூன்றே பேர் உள்ள ரிவால்வர் டிவிஷனில் 100 சதவீதம் எடுப்பதும், பெரிய கூட்டம் உள்ள டிவிஷனில் 80 எடுப்பதும் ஒன்றா?

டிவிஷன் தாண்டி ஒப்பிட வேண்டும் என்றால் கிளாசிஃபையர் (சுடுபவரின் தரத்தை நிர்ணயிக்கும்) ஸ்டேஜ்களைப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. அவை எந்த கிளப்பில் வைத்தாலும் ஒரே அமைப்பு, ஒவ்வொரு டிவிஷனுக்கும் உச்ச ஹிட் ஃபேக்டரை முன்பே நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு யார் வந்தார்கள், வரவில்லை என்பது அதைத் தொடாது. அந்த உச்சத்தில் 40 சதவீதத்திலிருந்து சி தரம், 60 பி, 75 ஏ, 85 மாஸ்டர், 95க்கு மேல் கிராண்ட் மாஸ்டர். ஒருவர் புரொடக்‌ஷனில் பி, இன்னொருவர் ஓப்பனில் பி என்றால் ஓரளவுக்கு ஒரே தரம் என்று சொல்லலாம்.

அரசலாறு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மச்சானிடம் ஸ்டேஜ் வாரியாக வாங்கிப் பார்த்தேன். மொத்தம் ஆறு ஸ்டேஜ். நான்காவதில் மற்றவர் மச்சானைவிட நன்றாகவே சுட்டிருக்கிறார், டிவிஷனில் ஜெயித்ததே அங்கேதான். அதே ஸ்டேஜில் ஓப்பன்காரர் ஒருவர் இருவரையும் வெகு தூரம் தாண்டியிருக்கிறார். கொள்ளிடக்கரை அண்ணன் சொன்ன மாதிரியே அந்த ஒரு ஸ்டேஜ்தான். மச்சானிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்போ நான் நான்காவது ஸ்டேஜைத்தான் பழகணும் என்றார். அவருடைய கிளாசிஃபையர் பி, 68 சதவீதமாம்.