மடக்கு சைக்கிள் சீட் இறங்கமாட்டேங்குது, அவசரம்

கடலோடி77:
வணக்கம். மலேசியாவுல லங்காவித் தீவுல இருக்கோம், தெலாகா படகுத்துறை முன்னாடி எங்க படகு நங்கூரம் போட்டிருக்கு. மடக்கு சைக்கிள்ல சீட் பைப் அசையவே மாட்டேங்குது. சுத்தியலால தட்டியும் பாத்தாச்சு. சீட் இறங்கினாதான் மடங்கும், மடங்கினாதான் கரைக்கும் படகுக்கும் போய்வர்ற டிங்கியில, அதான் சின்னப் படகுல, ஏத்தலாம். இப்ப படகுத்துறையிலேயே கெடக்கு. ரெண்டு நாள்ல தாய்லாந்து புக்கெட்டுக்குக் கிளம்பணும், யாராவது வழி சொல்லுங்க.

பினாங்குத்தம்பி:
என்ன சைக்கிள்ணே? பிரேம் அலுமினியமா இரும்பா? கடைசியா எப்ப சீட்டை இறக்குனீங்க?

நங்கூரக்கயிறு:
டபிள்யூடி-40 ஸ்ப்ரே எண்ணெய் அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. என் படகுல எல்லாத்துக்கும் அதான்.

கிரீஸ்கை:
மேல அடிச்சா உள்ள இறங்காது. சைக்கிளைத் தலைகீழா நிறுத்துங்க. நிறைய மடக்கு சைக்கிள்ல பிரேம் குழாய் அடியில திறந்திருக்கும், அது வழியா ஊடுருவுற எண்ணெய் ஊத்துங்க. பைப்பை இறுக்குற கிளாம்பை முதல்ல முழுசாக் கழட்டினீங்களா?

சோடாபாட்டில்:
காஸ்டிக் சோடா கரைச்சு ஊத்துங்க. ஒட்டிக்கிட்ட அலுமினியத்தைத் தின்னுடும்.

பழைய மாலுமி:
பிரேமே அலுமினியமா இருந்தா அதையும் சேர்த்துத் தின்னுடும் தம்பி. கேள்வி கேட்டவர் உலோகத்தையே சொல்லல, அதுக்குள்ள ஆளுக்கொரு மருந்து! இந்தக் குழுவுல இதை எத்தனை தடவைதான் எழுதுறது. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கிட்டு நடுவுல உப்புத்தண்ணி நின்னா அது ஒரு பேட்டரி. அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடிக்கு இடம் அதிகம் வேணும், அதான் இறுக்குது. அலுமினியப் பாய்மரத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ இறுகுறதும் இப்படித்தான். படகுல குடியிருக்கிறவருக்கு இது தெரியாதா?

ஒரு காந்தம் எடுங்க. பைப்புல ஒட்டி பிரேம்ல ஒட்டலேன்னா, பிரேமைச் சூடு பண்ணுங்க. அலுமினியம் இரும்பை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், பிடி தளரும். நேர்மாறா இருந்தா சூடு கெடுதல், பைப்பை ஐஸ் வச்சுக் குளிர வைக்கணும்.

கிரீஸ்கை:
சூடுன்னா சுடுதண்ணித் துணி போதும். கேஸ் டார்ச் காட்டிடாதீங்க, அலுமினிய பிரேமோட பலம் போயிடும். அப்புறம் சீட்டைக் கழட்டி, பைப்பைப் பட்டறை மேசையில இருக்குற பெரிய வைஸ்ல (இறுக்கிப் பிடிக்கிற இடுக்கி) கடிக்க வச்சு, சைக்கிளையே பிடிச்சுத் திருப்புங்க. நேரா இழுக்காதீங்க, திருப்பினாதான் பொடி உடையும்.

நங்கூரக்கயிறு:
ஒவ்வொரு தடவையும் நல்லதண்ணியில கழுவி வச்சிருந்தா இந்தக் கதியே வராது.

உப்புக்காத்து:
குடிக்கவே அளந்து குடிக்கிறோம், இதுல சைக்கிளுக்குக் குளியலா? அதுவும் லங்காவியில! சல்லிசா ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்குது. குனுங் ராயா மலை 881 மீட்டர், அந்தச் சின்னச் சக்கரத்தை வச்சுக்கிட்டு அதுல ஏறுங்க பாப்போம்.

பினாங்குத்தம்பி:
குனுங் ராயாவுக்கு யாருண்ணே போறா? தெலாகாவுல இருந்து கேபிள் கார் பக்கம், செனாங் கடற்கரை, காய்கறிக் கடை, அவ்வளவுதான். வழியில ஏதாவது பாத்தா நின்னுட்டுப் போலாம். குரங்குகிட்ட மட்டும் பையைக் காட்டாதீங்க.

உப்புக்காத்து:
கேஸ் சிலிண்டர் மாத்தப் போறப்போ தெரியும் சைக்கிள் அருமை.

நங்கூரக்கயிறு:
மழைத்தண்ணி பிடிச்சுக் கழுவலாமே. ஒரு வாளி போதும்.

உப்புக்காத்து:
ஜனவரியில இங்க மழையா? நல்லாப் பெய்யும், வாளியோட உக்காந்திருங்க.

பழைய மாலுமி:
கேட்டவர் எங்கேப்பா?

கடலோடி77:
நெட் இல்ல, மன்னிக்கணும். காந்தம் பைப்புல ஒட்டுது, பிரேம்ல இல்ல. படகுத்துறைப் பட்டறையில வைஸ் இருந்துச்சு. சுடுதண்ணி, நாலு பேர், வந்துடுச்சு. பைப் போச்சு, பிரேம் தப்பிச்சுது. நன்றி.

கிரீஸ்கை:
நல்லது. புதுப் பைப் போடுறப்போ டெஃப்-ஜெல் (உலோகம் அரிச்சு ஒட்டாம தடுக்குற பசை) தடவுங்க, மாசம் ஒருதரம் வெளிய எடுத்துத் துடைங்க. பழைய பைப் விட்டம் என்ன, 33.9 மில்லிமீட்டரா? அந்த அளவு எல்லாக் கடையிலயும் இருக்காது, அளந்துட்டுப் போங்க.

பினாங்குத்தம்பி:
அண்ணே, என்ன சைக்கிள்னு இன்னும் சொல்லவே இல்ல.