ஒரே வாரத்தில் பல்லுக்குக் கம்பி போட்டோம். அவளுக்கு முடிந்தது, எனக்கு இழுக்கிறது

கோத்தகிரிக்காரன்:
எனக்கு 34 வயது, அக்கா மகளுக்கு 13. இருவருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரே டாக்டர். அவளுக்குப் போன மாதம் கழற்றியாகிவிட்டது. எனக்கு 20 மாதம் ஆகியும் பல் பிடுங்கிய இடம் பாதிதான் மூடியிருக்கிறது. வயதுதான் காரணமா? கம்பியை இன்னும் டைட் வைக்கச் சொல்லலாமா?

வேலை தேயிலை ஃபேக்டரியில், நைட் ஷிஃப்ட். டீயும் வர்க்கியும் இல்லாமல் ஓடாது. இதுவரை 5 பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) கழன்றிருக்கிறது. ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோடு அடைத்ததில் இரண்டு முறை டாக்டரிடம் போகவும் முடியவில்லை.

குன்னூர் வாசி:
அண்ணா, பல் கிளினிக்கில் உதவியாளராக இருந்தவள் நான். டைட் வைக்கச் சொல்லாதீர்கள். பல் போகும் பக்கம் எலும்பு கரைந்து, பின்பக்கம் புதிதாக வளர வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகரும். அளவுக்கு மேல் இழுத்தால் பல்லின் வேர் கரையும். சின்ன வயதில் எலும்பு சீக்கிரம் வழிவிடும், அது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பல் பிடுங்கினார்களா? உங்களுக்கு மூட வேண்டியதே சுமார் 7 மில்லிமீட்டர்.

அப்புறம், நனைத்த வர்க்கிக்கு பிராக்கெட் கழலாது. வேறு எதைக் கடிக்கிறீர்கள்?

கோத்தகிரிக்காரன்:
அவளுக்குப் பிடுங்கவில்லை. நான் இதை யோசிக்கவே இல்லை.
கடிப்பது... மாமனாருக்குக் கேரட் தோட்டம். பிடுங்கி, கழுவி, அப்படியே.

கொடைக்கானல் அக்கா:
நல்லா இருக்கு தம்பி! கேரட்டைத் துருவிச் சாப்பிடக் கூடாதா? நான் 41 வயதில் கம்பி போட்டவள். கழன்றால் மறுநாளே வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். பிராக்கெட் இல்லாத பல்லை எந்தக் கம்பி இழுக்கும்? சும்மா நிற்கும், சிலசமயம் வந்த வழியே திரும்பும். ஈறு வீங்கியிருந்தாலும் டாக்டர் வேகத்தைக் குறைத்துவிடுவார். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் சேர்த்து மாட்டும் ரப்பர் வளையம் கொடுத்திருக்கிறாரா?

கோத்தகிரிக்காரன்:
கொடுத்தார். தூங்கும்போது மட்டும் போடுகிறேன். பகலில் 6 மணி நேரம் தூக்கம்.

குன்னூர் வாசி:
அண்ணா! பொதுவாக 20 மணி நேரத்துக்கு மேல் போடச் சொல்வார்கள். சாப்பிட, பல் தேய்க்க மட்டும் கழற்றணும். கழன்ற பிராக்கெட்டை ஒட்ட எத்தனை நாள் விடுவீர்கள்?

கோத்தகிரிக்காரன்:
அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை.

கொடைக்கானல் அக்கா:
அப்போ வயதை ஏன் தம்பி குறை சொல்கிறாய்?

கோத்தகிரிக்காரன்:
சரி அக்கா. வியாழன் லீவு, முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். ரப்பரை இப்போதே மாட்டிவிட்டேன். வாய் பாதிதான் திறக்கிறது, சூப்பர்வைசருக்குத் தலையாட்டியே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.