எரிசக்தி மானியத்தை ஒரு பணியிலிருந்து இன்னொரு பணிக்குத் திருப்பலாமா?

கேள்வி – குழு உறுப்பினர்

வணக்கம். அமெரிக்காவில் நான் வசிக்கும் நகரத்தின் எரிசக்தி ஆலோசனைக் குழுவில் ஊதியமில்லா உறுப்பினராக இருக்கிறேன். எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புத் தொகுப்பு மானியத்துக்கென 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் ஒதுக்கிய 55 கோடி டாலரில், எங்கள் நகருக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. சமுதாயக் கூடத்தின் கூரையில் சூரிய மின்தகடுகள் அமைப்பதாக எழுதிக் கொடுத்து, ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. சென்ற மாதம் பார்வையிட வந்த பொறியாளர் கூரையின் ஒரு மூலையில் காலை ஊன்றியதும் அந்த இடம் ஊறிய அட்டைபோல் அமிழ்ந்தது. கூரையை மாற்றாமல் எதையும் ஏற்றக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு நகரிடம் பணமில்லை.

இப்போது நூலகத்தின் குழல்விளக்குகளை எல்இடியாக மாற்றலாம் என்று சிலரும், லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று தன் சொந்தக் கட்டடத்தில் நடத்தும் முதியோர் மையத்துக்கு ஹீட் பம்ப் (வெப்பத்தை இடம்மாற்றிக் கட்டடத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் மின்கருவி) பொருத்தலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். நகர மன்றத் தீர்மானம் ஒன்றே போதும் என்கிறார் குழுத் தலைவர். அத்தகைய அமைப்புகளுக்கு மானியத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் தரவே முடியாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

மறுமொழி – ஓய்வுபெற்ற கணக்கர்

இருவர் சொல்வதும் பாதிதான் சரி. ஒரே பணிக்குள் ஒரு செலவினத்திலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை நகர்த்துவது வேறு, பணியையே மாற்றுவது வேறு. முதல் வகைக்குப் பத்து விழுக்காட்டு வரம்பு ஒன்று உண்டு. ஆனால் அது பெரிய மானியங்களுக்கே பொருந்தும், உங்கள் தொகை அவ்வளவு பெரிதன்று. உங்களுடையது இரண்டாம் வகை. நிதித் திட்டத்தில் ஒரு டாலர்கூட மாறாவிட்டாலும், பணியின் எல்லையோ நோக்கமோ மாறினால், மானியம் தந்த துறையின் முன் ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும் என்பது கூட்டாட்சி மானியங்களின் பொது விதி. நகர மன்றத் தீர்மானம் உள்ளூர் நடைமுறைக்குத் தேவைப்படலாம். எரிசக்தித் துறையின் ஒப்புதலுக்கு அது ஈடாகாது. ஒப்பந்தத்துக்காக நீங்கள் அளித்த, பணத்தை எதற்குச் செலவிடுவீர்கள் என்று சொல்லும் உத்தி ஆவணத்தையும் திருத்தித் தர வேண்டியிருக்கும்.

லாப நோக்கற்ற அமைப்பு பற்றிய வரம்பை, இந்த மானியத்தை உருவாக்கிய 2007ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பார்க்கலாம். உள்ளாட்சிகள் தம் மானியத்திலிருந்து அவற்றுக்கு உள்மானியமாகப் பிரித்துத் தரக்கூடியது 20 விழுக்காடு அல்லது 2,50,000 டாலர், இவற்றுள் எது அதிகமோ அது. உங்கள் மானியம் முழுவதுமே அந்த இரண்டாவது தொகைக்குள் அடங்கிவிடுவதால் 20 விழுக்காடு என்ற பேச்சுக்கு இடமே இல்லை. வாக்கியத்தின் பிற்பாதியைப் படிக்காமல் விடுவது நகர மன்றங்களில் வெகு சாதாரணம்!

மறுமொழி – கட்டடப் பொறியாளர்

நூலகம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். கட்டடம் 45 வயதைத் தாண்டியிருந்தால், அதன் வரலாற்று மதிப்புக்குப் பாதிப்பு வருமா என்று பார்க்கும் வரலாற்றுப் பாதுகாப்பு ஆய்வு தேவையா என்ற கேள்வி எழும். விளக்கு மாற்றுவது பெரிய சிக்கல் ஆகாது என்றாலும், அதைக் கேட்காமல் வேலையைத் தொடங்க முடியாது. முதியோர் மையத்துக்கும் இதே கேள்வி உண்டு.

சூரிய மின்சாரத்தை முழுக்கக் கைவிட வேண்டுமா என்றும் யோசிக்கலாம். சுற்றுச்சூழல் ஆய்வில் எளிதாகக் கடக்கக்கூடிய வகைகளில், ஏற்கெனவே உள்ள வளாகத்துக்குள் தரையில் அமைக்கும் 60 கிலோவாட் வரையிலான அமைப்பும் வாகன நிறுத்தத்தின் நிழற்கூரையும் இடம்பெற்றுள்ளன. கூடத்தின் பின்புறம் காலி நிலம் இருந்தால், இடம் மட்டுமே மாறும், பணி மாறாது. துறையிடம் விளக்குவதும் எளிது. நிழற்கூரைக்கு எஃகு வேலை அதிகம் என்பதால் உங்கள் தொகைக்கு அது கட்டுப்படியாகாது.

மறுமொழி – இன்னொரு நகரிலிருந்து

ஒப்புதல் கைக்கு வரும்வரை பொருள் வாங்கவோ ஒப்பந்தக்காரருக்கு உத்தரவு தரவோ வேண்டாம். எங்கள் ஊரில் திட்ட அலுவலர் தொலைபேசியில் ‘சரி’ என்றதை நம்பி விளக்குகளை வாங்கிவிட்டோம். பிறகு கணக்கில் அந்த விலைச்சீட்டு ஏற்கப்படாததால், செலவு நகரின் பொது நிதியில் விழுந்தது. இன்னொன்று: தொழிலாளருக்கு அந்த வட்டாரத்தின் கூலியைத் தரச் சொல்லும் நடப்புக் கூலி விதியும், அமெரிக்காவில் செய்த பொருளை வாங்கச் சொல்லும் உள்நாட்டுப் பொருள் விதியும் புதிய பணிக்கும் உண்டு. வாராந்தரக் கூலிப் பட்டியல் தர வேண்டும் என்பதைச் சொல்லாமல் வாங்கிய விலைப்புள்ளி பின்னர் ஏறிவிடும்.

குழு உறுப்பினர்

அனைவருக்கும் நன்றி. நூலகத்தின் வாசற்கல்லில் 1974 என்று பொறித்திருக்கிறது. ஆகவே அந்த ஆய்வு பற்றிய கேள்வி உண்டு. கூடத்தின் பின்னால் உள்ள நிலத்தில் பாதி, மழைநீர் வடிகாலுக்காக ஒதுக்கப்பட்டது. மீதி போதுமா என்று அளந்து தரும்படி பொறியாளரிடம் கேட்டிருக்கிறேன். சூரியத் தகடுகளைக் காட்டி அந்தப் பகுதி மக்களைக் கூட்டத்துக்கு அழைத்தவர்கள் நாங்கள்தான். அதே பணத்தை ஊரின் மறுகோடியில் இருக்கும் நூலகத்துக்குக் கொண்டுபோவதாக அவர்களிடம் சொல்லுமுன், தரையில் அமைக்க வழி இல்லை என்று உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். திட்ட அலுவலருக்கு மூன்று வழிகளையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.